ஒன்றரைப் பேன்கேக்

ஒரு சனிக்கிழமை காலை, கோதுமையும் கம்பும் கேழ்வரகும் கலந்த பேன்கேக்கை ஊட்டி என் ஒரே மகளை நானே கொன்றுவிட்டேன் என்று முழு மனதாக நம்பினேன். சந்தேகம் என்று சொல்ல முடியாது, நம்பிக்கைதான். சூடம் ஏற்றி அணைக்கச் சொல்லியிருந்தாலும் அணைத்திருப்பேன்.

அப்போது நான் ஏழுமலையின் ஆட்டோவில் இருந்தேன். மடியில் பாப்பா. இடது காலில் என் செருப்பு, வலது காலில் என் மனைவியின் செருப்பு. கையில் தோசைத் திருப்பி. அதை எதற்கு எடுத்து வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரைத் திருப்பிப் போடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

"ப்பா, கண்ணு எரியுதா?" என்றாள் பாப்பா.

"ஏம்மா?"

"தண்ணியா வருது."

"காத்து" என்றேன்.

ஆட்டோ அந்த நேரம் கூட்டு ரோட்டில் ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. காற்று என்று ஒன்று செஞ்சியிலேயே இல்லாத மாதம் அது.

கடலைக் கொல்லைக்காரன் பிள்ளை

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: மைக் செட், சீரியல் பல்பு, டியூப் லைட் வாடகைக்கு. கல்யாணம், காதுகுத்து, தேர்தல் எதுவானாலும் ஊரார் தூங்கும்போது நான் விழித்திருப்பேன். ஊரார் விழித்திருக்கும்போது நான் கொட்டாவி விடுவேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு கொட்டாவிதான் என் முக்கியத் தொழிலாகிவிட்டது.

பாப்பா எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். எவ்வளவு தாமதம் என்றால், அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "பேரப் புள்ளைக்கா? பெரியவங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார். நான் மறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஃபேன் இருந்தது.

எங்கள் குடும்பம் சிங்கவரத்தில் கடலை போட்ட குடும்பம். என் நைனா ஒரு கொல்லையில் கடலை பிடுங்கி முடிப்பதற்குள் அடுத்த கொல்லைக்கு விதைக் கடலை உடைக்க எங்களை உட்கார வைத்துவிடுவார். பச்சையாகத் தின்றோம், அவித்துத் தின்றோம், வறுத்துத் தின்றோம், சட்னியாகத் தின்றோம். பிண்ணாக்கு மாட்டுக்கு என்று சொல்வார்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பாப்பா, நடை பழகி ஓட ஆரம்பித்த வயதில், யாரோ கொடுத்த கடலை மிட்டாயை ஒரு கடி கடித்தாள். உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. மூச்சு விசில் அடித்தது. பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திண்டிவனம் வரைக்கும் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே போனேன். எத்தனையோ ஸ்பீக்கர் விசிலடிக்கும்போது குமிழைத் திருகி அடக்கியவன் நான். அந்த விசிலுக்குக் குமிழ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பிழைத்தாள். சோதனையெல்லாம் முடிந்த பிறகு டாக்டர், "வேர்க்கடலை இனிமேல் வாயில் படவே கூடாது. தூள்கூடக் கூடாது" என்றார்.

"சார், எங்க வூட்டுப் புள்ளைக்குக் கடலை ஆவாதுன்னா எப்பிடி சார்? ரிப்போர்ட்டு எதுனா மாறிப் பூட்டிருக்குமா?" என்று கேட்டேன்.

என் மனைவி கலைச்செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தப் பார்வைக்கு மூன்றாம் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்துவிடும். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். நின்றேன்.

கடலை ஆகாத பிள்ளையைச் செஞ்சியில் வளர்ப்பது, தண்ணீர் ஆகாத பிள்ளையைப் படகில் வளர்ப்பது மாதிரி. பஸ் ஸ்டாண்டில் கடலை, தள்ளுவண்டியில் கடலை, மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிப் போகும் லாரியிலிருந்து சிந்தியபடியே கடலை. கலை அன்றிலிருந்து எந்தப் பொட்டலத்தையும் முன்பக்கம் பார்ப்பதில்லை, பின்பக்கம்தான் பார்ப்பாள்.

அட்டையின் பின்பக்கம்

பேன்கேக் எங்கள் வீட்டுக்குள் கைப்பேசி வழியாக வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, அடுக்கடுக்காக வைத்து, மேலே தேன் ஊற்றிச் சாப்பிட்டது. பாப்பா அதை ஒரு வாரம் பார்த்தாள். சாப்பிடும்போது பார்த்தாள். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு பேன்கேக்கைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இட்லிக்கே அவமானமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் பேன்கேக் மாவு அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். கலை பின்பக்கம் திருப்பினாள். கண்ணாடியை ஏற்றி, எறும்பு எழுத்தைப் படித்தாள். வேர்க்கடலையும் கையாளும் இடத்தில் தயாரானது என்று போட்டிருந்தது.

"மைதா வேற" என்று சொல்லி அட்டையை என் கையிலேயே கொடுத்தாள்.

பாப்பா அட்டையின் முன்பக்கப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் எதற்கும் அழுது அடம்பிடிப்பதில்லை. பிறந்தநாள் விழாக்களில் எல்லாப் பிள்ளைகளும் கேக் தின்னும்போது இவள் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். பழகிவிட்டாள். அந்தப் பழகிய முகம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"வுடு, நானே செய்யறேன்" என்றேன். "முழு தானியம். மைதா கெடையாது. வூட்டுலயே கலக்கற மாவு."

"ஊத்தப்பமா வந்துடாதே?" என்றாள் பாப்பா.

"வெங்காயம் போட்டாத்தான் ஊத்தப்பம். போடலன்னா பேன்கேக்."

"மில்லுல குடுத்து அரைச்சுட்டு வந்துடறேன்" என்று கலையிடம் சொன்னேன். "கோதுமைக்குப் பின்னாடி நின்னு அரைச்சா ஒண்ணும் ஆவாது."

கலை சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தாள். அன்று அவளுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை நிறைய இருந்தது.

"சரி" என்றாள்.

அந்தச் சரியை நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

மாடி வேலை

கோதுமை இரண்டு பங்கு, கம்பு ஒரு பங்கு, கேழ்வரகு ஒரு பங்கு. இதுதான் என் கணக்கு. கேழ்வரகைக் கழுவினால் முதல் தண்ணீர் டீ நிறத்தில் வரும், நான்காவது தண்ணீர் வரைக்கும் பொறுமை வேண்டும். எனக்கு இரண்டாவதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்பைக் காயவைத்த பிறகு வெறும் வாணலியில் லேசாக வறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு சீக்கிரம் கசந்துவிடும்.

மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைத்தேன். எங்கள் ஊரில் வெயில் இரண்டு தடவை அடிக்கும். மேலேயிருந்து ஒரு தடவை, கோட்டை மலைப் பாறையில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை. காக்காவுக்குக் காவலாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முந்தின இரவு ஒரு கல்யாண வரவேற்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் காக்கா தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. என் தலையிலும் ஒரு ரசீது போட்டிருந்தது.

தானியத்தை அளந்து பையில் கட்டிக் கொடுத்தவள் கலை. நான் பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வரிசை

மாவு மில் பழக்கம் தெரியாதவர்கள் இப்போது நகரத்தில் நிறைய இருப்பார்கள். மிஷினுக்குள் முன்னால் அரைத்தவரின் மாவு எப்போதும் கொஞ்சம் தங்கிவிடும். உங்கள் முதல் பிடி அவருடைய கடைசிப் பிடியோடு கலந்துதான் வரும். அதனால் எங்கள் ஊரில் மில்லுக்குள் நுழைகிறவர் கூலி எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை.

"எனுக்கு முன்னாடி இன்னா அரைச்சாங்க?" என்பார்.

அரிசிக்காரர்கள் அரிசிக்குப் பின்னால் நிற்பார்கள், கோதுமைக்காரர்கள் கோதுமைக்குப் பின்னால். தோதான ஆள் வரும் வரைக்கும் அடுத்தவருக்கு வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மிளகாய்க்கும் சீயக்காய்க்கும் தனி மிஷின். இந்த ஒழுங்கில் சண்டையே வராது என்றில்லை. வரும், ஆனால் ஒழுங்காக வரும்.

அன்று எனக்கு யோகம். சப்பாத்திக்குக் கோதுமை கொண்டுவந்த ஒரு அம்மா எனக்கு முன்னால். "சுத்தமான கோதுமைதானேம்மா? வேற எதுவும் கலக்கலையே?" என்று நான்கு முறை கேட்டேன். "கல்லுதான் கலந்துருக்கும். ரேஷன் கோதும" என்றார்.

நான் வரிசையில் சும்மா நிற்கக்கூடியவன் இல்லை. மைக் பிடித்துப் பிடித்து வந்த வியாதி. "கோதுமைக் குழுவினர் உடனடியாக மேடைக்கு அருகில் வரவும். கேழ்வரகு சார்பாக வந்திருப்பவர்கள் அமைதி காக்கவும்" என்று வெறும் தொண்டையிலேயே அறிவித்தேன். வரிசை சிரித்தது. கட்டைப்பையோடு இருந்த ஒரு கிழவர்கூடச் சிரித்தார். பிறகு எனக்குத் தரையில் கால் இல்லை.

கோதுமை அம்மா மாவை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அப்போது ஒரு இளம்பெண் ஓடிவந்தாள், இடுப்பில் பை, முகமெல்லாம் வியர்வை.

"அண்ணா, பனமல பஸ்ஸு நிக்கிது. இத வுட்டா இருட்டிப்புடும். கொஞ்சூண்டுதான். நான் அரைச்சுக்கட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேடையில் நிற்பவன் மாதிரி கையை விரித்தேன்.

"நீ போம்மா. பஸ்ஸு நிக்காது, நான் நிப்பேன்."

மறுபடி சிரிப்பு. அவள் பையைக் கவிழ்த்தாள், அரைத்தாள், ஓடினாள். எனக்கு அடுத்தபடியாக நின்றவர், "நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார். அந்த நல்ல மனசோடு என் தானியத்தைக் கொட்டினேன்.

அவள் பையில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

டப்பா

மறுநாள் நானே கலவை போட்டேன். சலித்த மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, பொடித்த நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் பால் பவுடர். பேக்கிங் பவுடர் மூலை முடுக்கெல்லாம் பரவ வேண்டும் என்பதற்காக மூன்று தடவை சேர்த்துச் சலித்தேன். மீசை வெளுத்துவிட்டது. பெரிய எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'பேன்கேக், அப்பா தயாரிப்பு' என்று எழுதி ஒட்டினேன். அன்று இரவு ஒரு காதுகுத்துக்குச் செட் போடப் போய்விட்டேன்.

சனிக்கிழமை விடிந்த பிறகு வந்து படுத்தேன். கலைக்கு அன்று பயிற்சி வகுப்பு. பாப்பாவுக்கு லீவு. கிளம்பும்போது கலை என்னை எழுப்பினாள்.

"டப்பா மேல் தட்டுல இருக்குது. அதுல இருந்தே போடுங்க."

"வேற எதுல இருந்து போடுவேன்?"

"சொன்னேன், அவ்ளோதான்" என்று போய்விட்டாள்.

மாவை அளந்து, பாலும் ஒரு முட்டையும் ஊற்றி, கொஞ்சம் வெண்ணெய் உருக்கி விட்டுக் கலக்கினேன். அதிகம் கலக்கக் கூடாது, அங்கங்கே கட்டி இருந்தால் இருக்கட்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை. முழு தானியம் கொஞ்சம் ஊற வேண்டும். ஊறுகிற நேரத்தில் நான் சுவரில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். பாப்பா என் காதைப் பிடித்து எழுப்பினாள்.

கல்லில் ஊற்றி, மேலே குமிழி வந்து உடைந்து, ஓட்டை ஓட்டையாக நின்றதும் திருப்பினேன். செம்மண் நிறத்தில் உப்பிக்கொண்டு எழுந்தது. லேசாக நறநறவென்றுதான் இருந்தது. கேழ்வரகின் குணம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றை அடுக்கித் தேன் ஊற்றி வைத்தேன்.

பாப்பா ஒன்றைத் தின்றாள். விரலில் வழிந்த தேனை நக்கினாள். இரண்டாவதில் பாதி தின்ற பிறகு, "ஊத்தப்பம் இல்லப்பா" என்றாள்.

என் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான். அதை அனுபவிக்க எனக்குக் கிடைத்த அவகாசம், ஏழுமலை வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வரும் வரைக்கும்தான்.

நன்றி சொல்ல வந்தவன்

ஏழுமலை பக்கத்து வீடு. சிரித்துக்கொண்டே வந்தான்.

"ண்ணா, உனுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொல்லுச்சு என் மச்சினிச்சி."

"யாரு?"

"பனமலைல குடுத்துருக்குதே, அதான். அன்னிக்கு மில்லுல மைக்செட்டு அண்ணன் வழி வுட்டாரு, இல்லன்னா பஸ்ஸே கெடச்சிருக்காதுன்னு போன்ல ஒரே பொகழ்ச்சி."

நான் தோசைத் திருப்பியை ஆட்டி, "அது இன்னாடா பெரிய விஷயம்" என்றேன். இன்னும் கொஞ்சம் புகழட்டும் என்றுதான் கேட்டேன்: "அப்பிடி இன்னாத்துக்கு அவசரம் அதுக்கு?"

"பையனுக்குச் சத்துமாவு அரைக்க வந்துச்சு. கொழந்த எடையே ஏறலையாம். கேவுரு, கம்பு, பொட்டுக்கடல, முந்திரி, வேர்க்கடல, எல்லாத்தையும் வறுத்து..."

அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. ஆம்ப்ளிபயர் போய்விட்டது.

பாப்பாவின் கையிலிருந்த மீதிப் பாதியைப் பிடுங்கினேன். வாயைக் கொப்பளிக்க வைத்தேன். கலைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பயிற்சி வகுப்பில் போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். ஃபிரிட்ஜ் மேலிருந்து அலர்ஜி மருந்தை எடுத்தேன். அடியில் ஒரு வேளைக்கு மட்டும் இருந்தது. மூடியில் ஊற்றி நீட்டினேன்.

"நீ குடிச்சுக் காட்டு" என்றாள் பாப்பா.

எங்கள் வீட்டு வழக்கம் அது. எந்த மருந்தானாலும் நான் முதலில் ஒரு வாய் குடித்து, 'ஆகா, மாம்பழ ஜூஸ்' என்று சொல்ல வேண்டும். பழக்க தோஷம். குடித்தேன். முழுவதையும் குடித்தேன். ஆகா என்றும் சொன்னேன். பிறகுதான் மூடி காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

"ஏழுமல, வண்டிய எடு" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாண்ணா, மச்சினிச்சி மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டார்ட் செய்தான்.

யாருக்கு வைத்தியம்

கரும்பு லாரி நகர்ந்தது. ஆஸ்பத்திரி வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் இப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டாள், அவள் கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

நர்ஸ், "யாருக்கு, இன்னா?" என்றார்.

கால் நூற்றாண்டாக இந்த ஊருக்கே குரல் கொடுத்தவன் நான். ஒரு சொல் வரவில்லை. தோசைத் திருப்பியை நீட்டினேன்.

நர்ஸ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாப்பாதான் சொன்னாள்: "எனக்கு வேர்க்கடலை அலர்ஜி. பேன்கேக் சாப்ட்டேன். அதுல இருக்குதுன்னு அப்பா சொல்றாரு. இப்ப ஒண்ணும் பண்ணல."

"எவ்ளோ சாப்ட்டே?"

"ஒன்றரை. மீதிய புடுங்கிட்டாரு."

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொன்னார், முதுகில் கருவியை வைத்துக் கேட்டார், கையைப் புரட்டித் தோலைப் பார்த்தார். ஊசியைத் தயாராக எடுத்து வைக்கச் சொன்னார்.

"இப்ப மூச்சு நல்லாத்தான் இருக்குது. ஆனா உடனே அனுப்ப முடியாது சார். அலர்ஜி கொஞ்ச நேரம் கழிச்சும் வரலாம். மத்தியானம் வரைக்கும் இங்கயே வச்சுப் பாக்கலாம்" என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னா, இப்பிடிச் செவந்திருக்குது?"

அப்போதுதான் தெரிந்தது, வழியெல்லாம் சொறிந்துகொண்டே வந்திருக்கிறேன். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். டாக்டர் இன்னொரு தடவை பார்த்தார். "நீங்களும் படுங்க" என்றார்.

ஆக, ஒரு கட்டிலில் பாப்பா உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் நான் மல்லாந்து கிடந்தேன். ஏழுமலை நடுவில் நின்று, யாருக்கு விசிறுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றித் துண்டை வீசினான். கலையின் போன் கிடைத்தால் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பிறகு வெளியே போனான்.

நான் குடித்த மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது. அலர்ஜி மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும். ராத்திரி முழுக்க விழித்தவனுக்கு அது போதும். இமை கல் மாதிரி இறங்கியது. எனக்கோ தூங்கப் பயம். திண்டிவனம் வரைக்கும் கேட்ட அந்த விசில் மறுபடி எப்போது ஆரம்பிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். நான் தூங்கினால் அவள் மூச்சை யார் கவனிப்பார்கள்?

எழுந்து போய் அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். சூடாகக் காற்று வந்தது. திரும்பவும் வைத்தேன்.

"கைய எடுப்பா. முட்ட நாத்தம் அடிக்குது."

"பேசினே இரு பாப்பா. எதுனா பேசு."

"இன்னா பேசறது?"

"எதுனா. ஸ்கூல்ல இன்னா நடந்துச்சு, சொல்லு."

அவள் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் பென்சில் டப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதில் காந்தம் வைத்த மூடி. திறந்தால் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஒரு ரகசிய அறை. அந்த ரகசிய அறையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.

மத்தியானம்

கண் விழித்தபோது கலை இருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த புழுதி முகத்தில். பாப்பாவை மடியில் இழுத்து வைத்து, அவள் முதுகை அழுத்தித் தடவிக்கொண்டிருந்தாள். பாப்பா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பின்பக்கம் படிக்கப்பட்ட பிஸ்கட்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, பனமலைப் பெண், நான் அடித்த ஜோக், மச்சினிச்சி, சத்துமாவு. ஜோக்கை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன், அது இல்லாமல் கதை நிற்கவில்லை. கலை பாப்பாவின் சடையைப் பின்னியபடியே கேட்டாள். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மில்லு மாவுன்னு நெனச்சா பயந்தீங்க?"

"பின்ன?"

"அந்த மாவு பரண்ல தூக்குச் சட்டில இருக்குது. நம்ம ரெண்டு பேருக்கும் இனிப்பு தோசைக்குப் போட வச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. மருந்து இன்னும் தலைக்குள் இருந்தது.

"டப்பால இருந்தது?"

"நான் அரைச்சது. மாடில காயவச்சதுல கொஞ்சம் எடுத்து வச்சிட்டுத்தான் உங்களுக்குப் பையக் கட்டிக் குடுத்தேன். நீங்க காதுகுத்துக்குப் போன பொறவு டப்பால இருந்தத சட்டில கொட்டிட்டு, கழுவித் தொடச்சு, நீங்க போட்ட மாரியே எல்லாம் போட்டு வச்சேன். உங்க சீட்டையும் திருப்பி ஒட்டுனேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"அவ்ளோ ஆசையா மில்லுக்குக் கெளம்புனீங்க. வேணாம்னா ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிப்பீங்க. எனக்குப் பேப்பர் திருத்தற வேல இருந்துச்சு." பாப்பாவின் வாயோரத்துப் பிஸ்கட் தூளைத் துடைத்தாள். "மில்லுல அரைச்ச மாவ நான் எப்பங்க இவளுக்குக் குடுத்துருக்கேன்?"

"குடுக்கலையா?"

"பாண்டிக்குத் தூக்கினு போனமே, அதுல இருந்து குடுத்ததில்ல. காலைல மிக்ஸி ஓடுனா தலகாணிய எடுத்து காதுல வச்சிப்பீங்களே, அது இன்னான்னு நெனச்சீங்க?"

"சட்னின்னு நெனச்சேன்."

"தெனமுமா சட்னி சாப்ட்டோம்?"

டாக்டர் வந்து பாப்பாவைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். என்னை மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருக்கச் சொன்னார்.

பாப்பா அன்று தின்ற ஒன்றரைப் பேன்கேக்கில் வேர்க்கடலை ஒரு துளிகூட இல்லை. அது அவள் அம்மா மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்த மாவு. அவள் சாப்பிடும் மாவு எல்லாமே இத்தனை வருடமாக வீட்டில் அப்படித்தான் அரைபட்டிருக்கிறது, நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது.